மலையும் பனியும் கடலும்

அசையாத பொருளுக்கு மலையை உவமை கூறுதல் நம் வழக்கு. கடலுக்குக் கரையே எல்லை என்பதும் நாம் ஐயமின்றி நம்பிவரும் ஒன்று. பாட்டனார் கண்ட குன்றையே நாமும் காண்கிறோம்; அவர் வலை வீசிய கரையிலிருந்தே பேரனும் வலை வீசுகிறான். ஆதலின், மலையும் கரையும் மாறுவன என்று நிலநூல் அறிஞர் கூறும்போது, அம்மாற்றம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்வது என்றும், நம் வாழ்நாளில் காணத்தக்கதன்று என்றும் எண்ணி அமைதி கொள்கிறோம். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. எனினும், ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள்ளேயே புதிய வளைகுடா தோன்றும் இடங்களும், கடலடி கரையாக உயரும் இடங்களும், காடு உவர்நீருள் ஆழ்ந்து பட்டுப்போகும் இடங்களும் உலகில் உள்ளன. வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் கிடக்கும் அலாஸ்காவின் தென்கரை இம்மூன்றையும் ஒருங்கே காட்டுவது.

அலாஸ்கா 1867 வரை ருஷ்யப் பேரரசின் உடைமையாக இருந்தது. அவ்வாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதனை விலைக்கு வாங்கின. 1959-இல் அது 49-ஆவது மாநிலமாயிற்று. அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மக்களுள் திலிங்கிட் இனத்தவர் ஒரு பிரிவினர். அவர்கள் தம் முன்னோரின் வரலாற்றைக் கதையாகவும் பாட்டாகவும் காத்து வந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மாலுமிகள் அக்கரையை அளந்து படம் வரைந்தனர். இவ்விருவகைச் சான்றுகளையும் இன்றைய நாட்டுப்படத்தோடு ஒப்பிட்டால், நிலம் எங்ஙனம் மாறியது என்பது தெளிவாகப் புலப்படும்.

அப்படத்தை விரித்து நோக்குக. கரைக்கோடு கிழிந்த துணியின் ஓரம் போலக் காணப்படும். நீண்டு ஒடுங்கிய கடற்கழிகள் மலைகளின் நடுவே பல கிலோமீட்டர் தொலைவு புகுந்து செல்கின்றன. அவற்றின் இருமருங்கும் பாறைகள் சுவர் போலச் செங்குத்தாக நிற்கின்றன. கடலை அடுத்தே வானளாவிய சிகரங்கள். இடையே சமவெளி என்று கூறத்தக்க நிலம் மிகச் சிறிதே. இத்தகைய தோற்றத்தைப் படைத்த ஆற்றல்கள் இரண்டு. ஒன்று நிலத்தின் அடியிலிருந்து உந்துவது; மற்றொன்று மேலிருந்து அரிப்பது.

முதலில் அடியிலிருந்து உந்தும் ஆற்றலைக் காண்போம். புவியின் மேலோடு ஒரே துண்டாக அமைந்ததன்று. பெரியவும் சிறியவுமான பல தட்டுகளாகப் பிரிந்து கிடப்பது. இத்தட்டுகள் மிக மெதுவாக நகர்கின்றன. பசிபிக் பெருங்கடலின் அடித்தளமாகிய தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வீதம் வடமேற்கு நோக்கிச் செல்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட அது சற்றே மிகுதி. நகம் வளர்வதை எவரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஆயினும் அந்த வேகத்திலேயே பத்து லட்சம் ஆண்டுகளில் 50 கிலோமீட்டர் தொலைவு கடந்துவிடலாம்.

இக்கடல் தட்டு அலாஸ்காவின் மேற்கே வட அமெரிக்கத் தட்டின் அடியில் புகுந்து ஆழத்தில் மூழ்குகிறது. தென்கிழக்கே அதனை உராய்ந்துகொண்டு பக்கவாட்டில் நழுவிச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூலையில்தான் பெருந்தொல்லை. அங்கே யாகுடாட் என்னும் பெயருடைய ஒரு தடித்த துண்டு சிக்கிக்கொண்டிருக்கிறது. எளிதில் அடியில் புகமுடியாத அளவு தடித்தது அது. பின்னாலிருந்து வரும் உந்துதலோ நிற்பதில்லை. எனவே அது கரையின்மேல் மோதி, எதிரே உள்ள பாறைகளை மடித்தும் நொறுக்கியும் மேலே தள்ளுகிறது. செயின்ட் எலயஸ் மலைத்தொடர் இங்ஙனம் எழுந்ததே. அத்தொடருக்குப் பெயரளித்த சிகரத்தின் உயரம் 5,489 மீட்டர். கடலலை வந்து தொடும் இடத்திலிருந்து அச்சிகரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. இவ்வளவு சிறு தொலைவில் இவ்வளவு பெரிய ஏற்றம் உலகில் மிக அரிது.

இனி மேலிருந்து அரிக்கும் ஆற்றல். பசிபிக் கடலிலிருந்து எழும் ஈரக்காற்று இம்மலைச்சுவரில் மோதி மேலேறுகிறது, ஏறியதும் குளிர்கிறது, சுமந்து வந்த நீரையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. கோடையில் உருகுவதினும் மிகுதியாகக் குளிர்காலத்தில் விழுந்தால் பனி ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேரும். மேலடுக்கின் பாரத்தால் கீழடுக்கு இறுகிக் கட்டியாகும். அக்கட்டி போதிய கனம் பெற்றவுடன், தன் பாரம் தாங்காமல் சரிவு நோக்கி மெல்ல வழியத் தொடங்குகிறது. இதுவே பனியாறு. பார்வைக்கு உறைந்து கிடப்பினும் உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது.

நீராறு மணலையும் கூழாங்கல்லையும் உருட்டிச் செல்லும். பனியாற்றின் தொழில் வேறு. அது தன் அடியில் உள்ள பாறையின் வெடிப்புகளில் நீரைப் புகுத்தி, அந்நீர் மீண்டும் உறையும்போது பாறையைப் பற்றிக்கொள்கிறது. பிறகு நகரும்போது பாளம் பாளமாகப் பெயர்த்தெடுக்கிறது. பெயர்த்த கற்கள் பனியின் அடியில் பதிந்து நிற்க, அப்பனி ஓர் அரம் போலாகிப் பள்ளத்தாக்கின் அடியையும் பக்கங்களையும் தேய்க்கிறது. தேய்ந்த துகள் மாவினும் நுண்ணியது. பனியாறுகள் கலக்கும் நீர் பால் கலந்தாற்போல வெண்மை தோன்ற இருப்பதற்கு இந்தக் கல்மாவே காரணம். நீராறு அறுத்த பள்ளத்தாக்கு அடியில் ஒடுங்கிக் கூராக இருக்கும். பனியாறு குடைந்ததோ, அடி அகன்று பக்கங்கள் நிமிர்ந்து, தொட்டி போன்ற வடிவம் பெறும். பேராற்றில் வந்து கலக்கும் சிறு பனியாறுகள் அவ்வளவு ஆழமாகக் குடையமாட்டா. ஆகவே பனி நீங்கியபின் சிறு பள்ளத்தாக்குகளின் வாய் பெரும்பள்ளத்தாக்கின் சுவரில் உயரத்தில் தொங்கி நிற்கும். அவற்றிலிருந்து அருவிகள் விழும்.

பனியாற்றுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. ஆறு கடலைச் சேர்ந்ததும் தன் அறுக்கும் தொழிலை நிறுத்திவிடும். கனமிக்க பனியாறோ கடல்மட்டத்துக்குக் கீழேயும் பாறையைக் குடைந்துகொண்டே போகும். தட்பவெப்பம் மாறிப் பனி பின்வாங்கும்போது, அது விட்டுச்செல்லும் ஆழ்ந்த தொட்டியில் கடல் புகுந்து நிறைகிறது. இவ்வாறு அமைந்த கழியை நார்வே நாட்டு மொழியிலிருந்து வந்த ‘பியார்டு’ என்னும் சொல்லால் உலகெங்கும் குறிப்பிடுகின்றனர். பனியாறு தன் முனையில் குவித்த கல்லும் மண்ணும் அக்கழியின் வாயில் ஒரு திட்டாக எஞ்சி நிற்பதும் உண்டு. இத்திட்டைப் பற்றிப் பின்னர்க் காணப்போகிறோம். மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

உந்தும் ஆற்றலையும் அரிக்கும் ஆற்றலையும் பகைவர்களாக எண்ணுதல் எளிது. ஒன்று கட்டுகிறது, மற்றொன்று இடிக்கிறது என்று கூறிவிடலாம். ஆனால் அலாஸ்காவில் அவை ஒன்றற்கொன்று வேலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. மலை உயர்வதால் பனி மிகுதியாக விழுகிறது. பனி மிகுவதால் மலை விரைவாகத் தேய்கிறது. தேய்ந்த பொடியும் கல்லும் கடலடியில் சென்று படிகின்றன. கடலடியோ மீண்டும் கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே முன்பு மலையிலிருந்து கழிந்த மண்ணே, கடலடியில் நெடுங்காலம் கிடந்து பாறையாக இறுகி, மறுபடியும் மலையாக எழுகிறது. இது வெறும் கருத்தன்று. அக்கரையோர மலைகளில் யாகடாகா அடுக்கு என்னும் பெயர் கொண்ட பாறைவரிசை உள்ளது. கடலடியில் படிந்த சேற்றுப்பாறையின் நடுவே, பனியாறு சுமந்து வந்த கற்கள் பதிந்து கிடப்பதையும், கடற்சிப்பிகள் கல்லாய்ச் சமைந்திருப்பதையும் அதில் காணலாம். மலைமேல் நின்று சிப்பியைக் கையில் எடுப்பவன், அம்மலையின் பழைய பிறப்பையே எடுத்துப் பார்க்கிறான் எனலாம்.

இவ்வளவும் நீண்ட காலக்கணக்கு. இனி மனிதர் கண்டதைக் கூறுவோம்.

1794-இல் ஆங்கில மாலுமி வான்கூவரின் குழுவினர் இக்கரையை அளந்தபோது, ஓரிடத்தில் கடற்கழியின் ஓரமாக மாபெரும் பனிச்சுவர் ஒன்றைக் கண்டனர். அப்பனியின் முகப்பில் சிறியதொரு வளைவு மட்டுமே இருந்தது. அதன் பின்னால், சில இடங்களில் 1,200 மீட்டருக்கும் மிகுந்த கனமுடைய பனி மலைகள் வரை பரந்து கிடந்தது. 1879-இல் ஜான் மியூர் என்னும் இயற்கை ஆய்வாளர் திலிங்கிட் வழிகாட்டிகளோடு படகில் அங்கே சென்றார். பனிச்சுவர் நின்ற இடத்தில் நீர் இருந்தது. அவர் உள்ளே செல்லச் செல்ல வளைகுடா நீண்டுகொண்டே போயிற்று. 1916 அளவில் பனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு பின்வாங்கிவிட்டது. வான்கூவரின் படத்தில் சிறு வளைவாக இருந்தது, 125 ஆண்டுகளுக்குள் கிளைகள் பல விரித்த பெருங்குடாவாயிற்று. அதன் ஆழம் சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டுகிறது. அதனைக் கிளேசியர் வளைகுடா, அதாவது பனியாற்று வளைகுடா, என்று அழைக்கின்றனர். பனி நீங்கிய வெறுங்கல்லில் பாசியும், பிறகு புல்லும் புதரும், இறுதியில் காடும் எவ்வரிசையில் வருகின்றன என்று வில்லியம் கூப்பர் என்னும் தாவரநூல் அறிஞர் 1916 முதல் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவ்வளைகுடா 1925-இல் அரசின் பாதுகாப்புக்கு உட்பட்டது. 1980-இல் தேசியப் பூங்காவாயிற்று.

வான்கூவரின் ஆட்கள் பனியை மட்டுமே கண்டார்கள். அப்பனியின் கீழ் ஓர் ஊர் இருந்ததைத் திலிங்கிட் மக்கள் அறிவர். பனி முன்னேறி வருமுன் அது ஆறு பாயும் பசும்பள்ளத்தாக்கு. சால்மன் மீன் மிகுந்தது. அவர்தம் குலத்தார் அங்கே வீடு கட்டி வாழ்ந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் குளிர் மிகுந்து பனியாறு முன்னேறியது. தனிமையில் இருத்தப்பட்ட இளம்பெண் ஒருத்தி விளையாட்டாகப் பனியைக் கூவியழைத்தாள் என்றும், அது நாய் ஓடும் வேகத்தில் வந்தது என்றும், மக்கள் படகேறியபோது ஒருத்தி மட்டும் தன் வீட்டை விட்டுவர மறுத்து அங்கேயே தங்கினாள் என்றும் அவர்கள் கதை கூறுகிறது. இதனைக் கட்டுக்கதை என்று தள்ளியவர்கள் முன்பு உண்டு. ஆனால் பனி அப்பள்ளத்தாக்கை விழுங்கியதற்கு நிலநூற் சான்றுகளும் உள்ளன. கதை தந்த செய்தியைப் பாறை மெய்ப்பித்தது. ஊரிழந்தவர்கள் கழிக்கு அப்பால் சென்று ஹூனா என்னும் ஊரை அமைத்தனர். பனி விலகிய பின்னும் நெடுங்காலம் அவர்களால் தம் பழைய இடத்துக்கு உரிமையோடு திரும்ப முடியவில்லை. 2016-இல்தான் அக்குடாவின் கரையில் அவர்களுக்கெனக் குலமன்றம் ஒன்று கட்டித் திறக்கப்பட்டது.

பனி போனதும் அவ்விடத்தில் மற்றொரு விந்தை நிகழலாயிற்று. இலவம்பஞ்சு மெத்தையின்மேல் ஒருவன் அமர்ந்தால் மெத்தை அழுந்தும். எழுந்தால் மெல்ல மெல்ல மேலெழும். புவியின் மேலோடும் அத்தகையதே. ஆயிரம் மீட்டர் கனமுள்ள பனியின் பாரம் அதனை அழுத்தியிருந்தது. பாரம் நீங்கியதும், ஆழத்தில் உள்ள வெம்மை மிக்க பாறை மிக மெதுவாக மீண்டும் வந்து நிரம்ப, நிலம் எழுகிறது. கிளேசியர் வளைகுடாவின் சுற்றுப்புறத்தில் சில இடங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயர்கின்றன. பழைய கரைக்கோடுகள் ஐந்து மீட்டருக்கு மேலான உயரத்தில் காட்டினுள் நிற்கின்றன. உலகின் கடல்மட்டம் உயர்ந்துவருகிறது என்பதை மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பல நாடுகளில் கரையோர மக்கள் அதற்கு அஞ்சி வாழ்கின்றனர். இங்கேயோ நிலம் அதனினும் விரைந்து உயர்வதால் கடல் தாழ்ந்துகொண்டே போகிறது. கஸ்டாவஸ் என்னும் சிற்றூரில் முன்பு அலை புரண்ட இடத்தில் இன்று புல்வெளி பரந்திருக்கிறது. நிலம் வைத்திருப்போருக்கு இது வரவு. படகு செலுத்துவோருக்கு வழி ஆழம் குறைவதால் தொல்லை.

நிலம் இங்ஙனம் மெல்ல எழுவது பனியின் விளைவு. ஆழத்துத் தட்டுகளின் செயலோ பெரும்பாலும் மெல்ல நிகழ்வதில்லை. தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூறு, இருநூறு ஆண்டுகள் அசையாதிருக்கும். உந்துதல் மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே வரும். பிடி ஒருநாள் விடும். அன்று சேர்த்துவைத்த அசைவு முழுவதும் சில நிமிடங்களில் நிகழும். 1899 செப்டம்பர் 10-ஆம் நாள் யாகுடாட் விரிகுடாவில் அத்தகைய நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் 1905-இல் டார், மார்ட்டின் என்னும் அறிஞர் இருவர் அங்கே சென்றனர். பாறைகளை இறுகப் பற்றி அலைபடும் இடத்திலேயே வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரின் ஓடுகள், நீர் எட்டாத உயரத்தில் பாறையோடு ஒட்டியபடியே வெளுத்துக் கிடந்தன. நீர்மட்டத்திலிருந்து அவை எவ்வளவு மேலே உள்ளன என்று அளந்தபோது, ஓரிடத்தில் கரை 14 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பது புலனாயிற்று.

அச்சிற்றுயிரே மீண்டும் ஒருமுறை அறிவியலுக்குப் பெருந்துணை செய்தது. 1964 மார்ச் 27-ஆம் நாள் மாலை, அலாஸ்காவில் 9.2 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. கருவிகளால் அளக்கப்பட்டவற்றுள் 1960-இல் சிலி நாட்டில் நேர்ந்த ஒன்றே இதனினும் பெரியது. நிலம் நாலரை நிமிடம் அதிர்ந்தது. அதிர்ச்சியாலும், பெரும்பாலும் அதனை அடுத்து எழுந்த ஆழிப்பேரலைகளாலும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வால்டிஸ் என்னும் துறைமுக ஊர், பனியாறுகளின் நீர் கொண்டுவந்து குவித்த தளர்ந்த மண்ணின்மேல் அமைந்திருந்தது. அதிர்ச்சியில் அம்மண்மேடு கடலுக்குள் சரிந்து, கப்பல்துறையையும் அங்கே சரக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் உடன்கொண்டு போயிற்று. ஊரை அவ்விடத்திலேயே மீண்டும் கட்டுதல் தகாது என்று தெளிந்து, உறுதியான நிலம் தேடிச் சில கிலோமீட்டருக்கு அப்பால் புதிய வால்டிஸை அமைத்தனர்.

நிலநூல் அறிஞர் ஜார்ஜ் பிளாஃப்கர் நடுக்கத்துக்குப் பின் தீவுதீவாகச் சென்று, கொட்டலசுக் கோடு எங்கே உயர்ந்துள்ளது, எங்கே தாழ்ந்துள்ளது என்று அளந்தார். மான்டேகு தீவில் கரை ஏறத்தாழ 10 மீட்டர் உயர்ந்திருந்தது. கார்டோவா என்னும் ஊரில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர்ந்ததால் துறைமுகம் ஆழம் குன்றியது. மட்டிகள் வாழ்ந்த சேற்றுநிலம் நீரின்றிக் காய்ந்தது. மேற்கே போர்ட்டேஜ் என்னும் ஊரோ தாழ்ந்து, கடல்நீர் ஏறி, மக்கள் விட்டகன்ற இடமாயிற்று. அங்கே உவர்நீர் உறிஞ்சிப் பட்டுப்போன மரங்கள் பல்லாண்டுகளாகச் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. உயர்ந்த பகுதி ஒருபுறமும் தாழ்ந்த பகுதி ஒருபுறமுமாக அமைந்த ஒழுங்கைக் கண்டு, கடலடித்தட்டு கண்டத்தின் அடியில் புகுந்ததாலேயே இது நேர்ந்தது என்று பிளாஃப்கர் எடுத்துரைத்தார். அக்காலத்தில் தட்டுகள் நகர்கின்றன என்னும் கொள்கையே நன்கு ஊன்றவில்லை. ஒரு விரற்கடையளவுகூட இல்லாத உயிரியின் ஓட்டைக் கொண்டு கண்டத்தின் அசைவை அறிந்தது பெருஞ்செயலே ஆகும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் தமிழ்நாட்டுக் கரையிலும் ஈழத்துக் கரையிலும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன ஆழிப்பேரலையும் இவ்வகை நடுக்கத்தால் எழுந்ததே. சுமத்ராவை ஒட்டிய கடலடித்தட்டு அடியில் புகுந்தபோது, அந்தமான் தீவுகளின் வடமேற்கில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே உயர்ந்து காய்ந்தன. தெற்கே நிக்கோபார்த் தீவின் இந்திரா முனையில் நிலம் தாழ்ந்து கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. அலாஸ்காவில் 40 ஆண்டுகளுக்கு முன் அளந்தறிந்த அதே ஏற்றத்தாழ்வு இங்கும் காணப்பட்டது.

முன்னர் நினைவிற் கொள்ளுமாறு கூறிய கல்மண் திட்டுக்கு இப்போது வருவோம். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் லிதுயா என்றொரு சிறு வளைகுடா உண்டு. நீளம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பனியாறு குடைந்த தொட்டி அது. அதன் வாயைப் பனியாறு விட்டுச்சென்ற திட்டு பெரும்பாலும் அடைத்து நிற்கிறது. எஞ்சிய குறுகிய வழியில் கடலின் ஏற்றமும் வற்றமும் சுழித்துப் பாய்கின்றன. 1786-இல் பிரெஞ்சு மாலுமி லா பெரூஸின் படகுகள் அவ்வழியில் சிக்கி 21 பேர் மூழ்கினர். எனினும் உள்ளே புகுந்துவிட்டால் நீர் அமைதியாக இருக்கும். அதனால் மீன்படகினர் இரவில் அங்கே நங்கூரமிடுவர். குடாவின் தலைப்பகுதியில் அது இருபுறமும் கிளைத்து, ஆங்கில எழுத்தாகிய ‘டி’ போன்ற வடிவம் பெறுகிறது. அக்கிளைகள் நேர்கோட்டில் அமைந்தது தற்செயலாக அன்று. தட்டுகள் உராயும் ஃபேர்வெதர் நிலப்பிளவு அவ்வழியே ஓடுகிறது. பிளவில் நொறுங்கிய பாறையைப் பனியாறு எளிதில் குடைந்துவிட்டது. உந்தும் ஆற்றலும் அரிக்கும் ஆற்றலும் ஒரே இடத்தில் கைகோத்து நிற்பதை இவ்வாறு வேறெங்கும் காண்பது அரிது.

1958 ஜூலை 9-ஆம் நாள் இரவு பத்து மணியளவில், அப்பிளவு அசைந்தது. வடநாடாகலின் கோடை இரவில் அப்போதும் சிறிது வெளிச்சம் இருந்தது. குடாவில் மூன்று மீன்படகுகள் நின்றன. ஒன்றில் தந்தையும் ஏழு வயதுச் சிறுவனும். மற்ற இரண்டிலும் கணவனும் மனைவியுமாக இருவர். நிலம் அதிர்ந்து சிறிது நேரத்தில், குடாவின் தலைப்பில் இருந்த செங்குத்துச் சரிவிலிருந்து ஏறத்தாழ 3 கோடி கனமீட்டர் பாறை, பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து ஒரேயடியாக நீரில் விழுந்தது. எதிர்ப்புறக் குன்றின்மேல் நீர் 524 மீட்டர் உயரம் வரை ஏறி, மரங்களை வேரோடு பறித்து, மண்ணையும் வழித்துக்கொண்டு சென்றது. மனிதர் அளந்தறிந்த அலையேற்றங்களில் இதுவே மிக உயர்ந்தது. குடாவின் நடுவே அலையின் உயரம் அவ்வளவில்லை. ஆயினும் படகுகளுக்கு அது போதும். தந்தையும் மகனும் இருந்த படகின் நங்கூரச் சங்கிலி அறுந்தது. படகு அலைமுகட்டில் ஏறி இறங்கிப் பிழைத்தது. மற்றொன்று வாயிலில் இருந்த திட்டைத் தாண்டி, அதன்மேல் வளர்ந்த மரங்களின் உச்சிக்கு மேலாகக் கடலில் வீசப்பட்டது. அதிலிருந்த கணவனும் மனைவியும் சிறு தோணியில் தப்பினர். மூன்றாவது படகும் அதிலிருந்த இருவரும் திரும்பவில்லை.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே டான் மில்லர் என்னும் நிலநூல் அறிஞர் லிதுயாவின் காடுகளில் ஒரு வியப்பைக் கண்டிருந்தார். குறிப்பிட்ட ஒரு கோட்டுக்குக் கீழே மரங்கள் எல்லாம் இளையன; மேலே எல்லாம் முதியன. மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, 1936-இலும், அதற்கு முன்னர் 19-ஆம் நூற்றாண்டின் இடையிலும், பேரலைகள் அக்கரைகளை வழித்துச் சென்றிருத்தல் வேண்டும் என்று துணிந்தார். காடு எழுதிவைத்த கணக்கை அவர் படித்தார். 1958-இல் அவர் கண்முன்னே மற்றொரு கோடு எழுதப்பட்டது.

செங்குத்தாகக் குடைந்த சுவர்களைப் பனியாறு தன் உடலாலேயே தாங்கி நிற்கிறது. பனி உருகிப் பின்வாங்கினால் அத்தாங்கல் போய்விடுகிறது. செயின்ட் எலயஸ் சிகரத்தின் அடியில் உள்ள டான் கழியில், 1961-க்கும் 1991-க்கும் இடையே டிண்டால் பனியாறு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் பின்வாங்கியது. தாங்கலிழந்த மலைச்சரிவு 2015 அக்டோபரில் இடிந்து விழ, நீர் 193 மீட்டர் உயரம் ஏறியது. அன்று அங்கே எவரும் இல்லை. வேறோரிடத்தில், பாரி கழி என்னும் ஒரு கிளையில், பெருஞ்சரிவு ஒன்று தளர்ந்து இறங்கிக்கொண்டிருப்பதை 2020-இல் அறிஞர் கண்டு எச்சரித்தனர். அங்கே படகில் செல்வோரும், சற்றுத் தொலைவில் உள்ள விட்டியர் ஊராரும் உளர். ஆகவே அச்சரிவைக் கருவிகளால் கண்காணித்து வருகின்றனர்.

எல்லாப் பனியாறுகளும் பின்வாங்குகின்றன என்று எண்ணிவிடலாகாது. யாகுடாட் விரிகுடாவின் தலைப்பில் உள்ள ஹப்பார்டு பனியாறு 122 கிலோமீட்டர் நீளமுடையது. 1895-இல் அளக்கத் தொடங்கிய காலம் முதல் அது முன்னேறியே வந்திருக்கிறது. மிக உயர்ந்த மலைகளில் விழும் பனி அதனை ஊட்டுகிறது. அது தன் முனையில் தானே குவித்த கல்மண் மேட்டின்மேல் ஊன்றி நிற்பதால் கடல்நீர் அதனை எளிதில் கரைப்பதில்லை. 1986-இல் அது எதிர்க்கரையைத் தொட்டு, ரஸ்ஸல் என்னும் கழியின் வாயை அடைத்துவிட்டது. கழி ஏரியாயிற்று. ஆறுகள் கொண்டுவந்த நன்னீரால் மட்டம் ஏறத்தாழ 25 மீட்டர் உயர்ந்தது. உள்ளே அகப்பட்ட கடல்நாய்களை மீட்கச் சிலர் முயன்றனர். அக்டோபரில் பனியணை உடைந்து நீர் முழுவதும் கடலுக்குப் பாய்ந்தது. 2002-இல் மீண்டும் அவ்வாறே அடைபட்டு, ஆகஸ்டில் மீண்டும் உடைந்தது.

அணை உடையாமல் நிலைத்துவிட்டால் ஏரி ஏறத்தாழ 40 மீட்டர் உயரும்; பிறகு தெற்கு விளிம்பைத் தாண்டி வழிந்து சிட்டுக் ஆற்றில் பாயும். முன்பும் ரஸ்ஸல் கழி ஏரியாக இருந்து அவ்வழியே வழிந்தது என்பதற்கு, அகன்ற பழைய நீர்த்தடம் காட்டினுள் சான்றாகக் கிடக்கிறது. சிட்டுக் இன்று தெளிந்த சிற்றாறு. சால்மன் மீன்கள் ஆண்டுதோறும் முட்டையிட வரும் இடம் அது. யாகுடாட் ஊரில் வாழும் சில நூறு மக்களுக்கு அம்மீனே உணவும் பொருளும். பனிமுகப்புக்கும் எதிர்க்கரைக்கும் இடையே எஞ்சியுள்ள இடைவெளியின் அகலத்தை அறிஞர் இன்றும் அளந்து வருகின்றனர்.